பேபி முத்துமோகினிக்காக நான் பட்ட பயங்கள்

பேர் போடாமல் எழுதுகிற தொழிலில் புத்தகம் விற்காவிட்டால் ஒரு பயம், விற்றுவிட்டால் ஒன்பது பயம்.

மேலதிகாரிக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துவிட்டு, அவர் மேடையில் அதை வாசிக்கும்போது பின்வரிசையில் வியர்த்துக்கொண்டு இருந்தவர்களுக்கு இது விளங்கும். கோயில் மலருக்குப் பங்குத்தந்தையின் ஆசிச்செய்தியையும் சங்கத் தலைவரின் வாழ்த்துச் செய்தியையும் ஒரே கதிரையில் இருந்து எழுதியவர்களுக்கும் விளங்கும். நானும் உங்களில் ஒருத்திதான். திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அதற்கிடையில் சில வருடங்கள் பேசாப்பட நட்சத்திரங்களின் சுயசரிதைகளை எழுதினேன். அட்டையில் அவர்களுடைய பேர், உள்ளே என்னுடைய எழுத்து. என் பேர் எந்த மூலையிலும் இராது. இருக்கவில்லையே என்று ஒருநாளும் நான் கவலைப்பட்டதில்லை. எங்கேயாவது வந்துவிடுமோ என்றுதான் கவலை.

எங்கே பிறந்தவர்?

இந்த யோசனையோடு வந்தவர் கொழும்பில் பதிப்பகம் வைத்திருக்கும் சிவநேசன் தம்பி. சினிமாவில் பேச்சு வருவதற்கு முன்னர் நடித்தவர்களின் தன்கதை வரிசை ஒன்று போடப்போகிறேன் என்றார். அந்தக் காலத்துப் படங்களில் சத்தம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார், ஆர்மோனியம் வாசிப்பார்கள், அவ்வளவுதான். நட்சத்திரங்கள் பேசி எவரும் கேட்டதில்லை. "அதுதான் அக்கா எங்களுக்கு வசதி. அவை இப்பிடிக் கதைக்கமாட்டினம் எண்டு சொல்ல ஒரு சாட்சியும் உயிரோட இல்லை" என்றார். வெளிநாட்டில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் யாரையாவது பிடித்து, சம்மதமும் நாலைந்து பழைய படங்களும் அவர் வாங்கித் தருவார். மிச்சம் என் பாடு.

முதலில் வந்தவர் சண்டைப்பட நாயகன் சூறாவளி சாமிநாதன். கையில் வாள், கண்ணில் மை, பக்கத்தில் குதிரை. அந்த ஒரு படத்தை மேசையில் வைத்துக்கொண்டு 'நான்' என்று முதல் சொல்லை எழுதினேன். செத்துப்போன மனிதரின் வாயால் 'நான்' என்று எழுதும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல இருக்கும். பட்டப்பகலில், குசினியில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்திருக்கிறேன். எழுத்து அதற்கு மேலே நகரவில்லை. சிவநேசனுக்குத் தொலைபேசி எடுத்து, இவர் எங்கே பிறந்தவர் என்றாவது சொல்லும், அதுகூடத் தெரியாமல் எப்படித் தொடங்குவது என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நீங்கள் எங்க பெறுறீங்களோ, அங்கதான் அக்கா அவர் பிறந்தவர்."

யானையும் வாசகரும்

சாமிநாதன் புத்தகம் வந்து சில மாதங்களுக்குப் பிறகு, தம்பலகாமத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், கிண்ணியாப் பக்கத்து ஆள் போல. நூலகத்து முத்திரை குத்திய புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்தார். அட்டையை எட்டிப் பார்த்தேன். சாமிநாதன்! அதுவும் எட்டாம் அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் அவர் வெள்ளைக் குதிரையில் ஏறி, அடுத்த பக்கத்தில் கறுப்புக் குதிரையிலிருந்து விழுவார். பிழை திருத்துவதுதான் என் தொழில். இருந்தும் அச்சான பிறகுதான் அது என் கண்ணில் பட்டது.

அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. வீதிக்குக் குறுக்கே தனியன் யானை. சாரதி எஞ்சினை நிற்பாட்டினார். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். முன் இருக்கையில் யாரோ செபம் சொல்லத் தொடங்கினார்கள். யானை தும்பிக்கையை நீட்டி பஸ்ஸின் கண்ணாடிப் பக்கம் வர, பெரியவர் இருந்தாற்போல ஒரு பக்கத்தை முன்னுக்குத் திருப்பினார், பிறகு பின்னுக்குத் திருப்பினார். எனக்கு வெளியே ஒரு பயம், உள்ளே ஒரு பயம். உள்ளே இருந்ததுதான் பெரிது. "ஐயா, யானை நிக்குது, புத்தகத்தை வையுங்கோ" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"யானை நிக்கட்டும் தங்கச்சி, இஞ்ச ஒரு குதிரை நிறம் மாறிப்போச்சு!"

கடல் கொண்டுபோனது

அடுத்தது பேபி முத்துமோகினி. இவர் எங்கள் ஊரிலேயே பிறந்து, பால்பல்லு விழ முன்னரே மாமன்காரனோடு மதராசுக்குப் போய், சில பேசாப்படங்களில் குழந்தை வேடம் போட்டவர். படம் பேசத் தொடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகன் முறையான ஒருவர் கனடாவிலிருந்து படங்களைத் தந்து, மாமி செத்துக் கனகாலம் என்றும் சொல்லிவிட்டார். குழந்தை நட்சத்திரம் ஊர் திரும்பிய பிறகு என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் நான் மரியதாஸ் என்றொரு வள்ளக்காரனை உண்டாக்கினேன். பச்சை வள்ளம், சுருட்டை முடி, மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் போடுகிற குணம். உலகப் போர்க் காலத்தில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலை, வள்ளத்தோடு அவனைக் கடலுக்குள் அனுப்பினேன். கரையில் நின்று முத்துமோகினி பார்க்கிறாள். எழுதும்போது நானே அழுதேன். வாசித்தவர்களும் அழுதார்கள். புத்தகம் விற்கத் தொடங்கியது.

ஊர்ப்பிள்ளையின் புத்தகம் என்பதால் வெளியீட்டு விழாவும் இங்கேயே நடந்தது. நான் மூன்றாவது வரிசையில், யாரோ போல இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சினிமா ஆய்வாளர் ஒருவர் எழும்பி, மிக மரியாதையாக, "அம்மாவின் கையெழுத்துப் பிரதியை நாங்கள் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். மேடையில் சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "தட்டச்சு செய்து முடிய, மூலப்பிரதி சுனாமியில் போய்விட்டது." இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு அந்தக் கடலில் யார் போனார்களோ! எனக்கு அந்த இடத்திலேயே மண்டபம் இடிந்து தலையில் விழக்கூடாதா என்று இருந்தது. விழா முடிந்ததும் ஆய்வாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையடிக்கு வந்து, சிவநேசனின் இரண்டு கையையும் பிடித்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நான் கேட்டிருக்கக் கூடாது."

சிவில் உடுப்பு

புத்தகத்தின் பின்பக்கத்தில், அச்சடித்தவர்கள் என்று எங்கள் அச்சகத்தின் பேர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒருநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். சிவில் உடுப்பு, கட்டையாக வெட்டின தலைமயிர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆளைப் பார்த்ததும் புலனாய்வுக்காரர் என்று தெரிந்துவிடும். கையில் முத்துமோகினி. மரியதாஸ் வள்ளம் விடுகிற அத்தியாயத்தில் ஒரு தாள் துண்டு செருகியிருந்தது. துறைமுகத்துக்குள் எந்த மூலையில் ஆழம், எந்தப் பாறைக்குப் பின்னால் வள்ளத்தை மறைக்கலாம் என்றெல்லாம் நான் விலாவாரியாக எழுதியிருந்தேன். எல்லாம் என் மனுசன் யோசேப்பு சொன்னது. அவர் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். மீன்பிடிக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்.

"இந்த நோனா ஹாபர் உள்ள எல்லாம் நல்லாத் தெரியும் போல. இப்ப எங்க இருக்கிறது?" என்று வயதில் மூத்தவர் அட்டையில் இருந்த பேரைக் காட்டிக் கேட்டார். நான், "அவ செத்துப்போனா சேர்" என்றேன். அவர் தலையாட்டினார். இளையவர் எதையோ எழுதினார். சரி, போகப்போகிறார்கள் என்று மூச்சு விட்டேன். வாசலடியில் மூத்தவர் நின்று, புத்தகத்தின் முதல் தாள்களைத் திரும்பவும் புரட்டி, பதிப்பித்த வருடத்தில் விரலை வைத்தார்.

"செத்த ஆள் எப்பிடி போன வருசம் புத்தகம் எழுதினது?"

பக்கத்து அறையில்

முன்னரே எழுதி வைத்தது என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் பிறகு வரவில்லை. வராததும் ஒரு பயம்தான். தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும். ஒரு பின்னேரம் அடித்தது. பெண் குரல், படிப்பித்த ஆட்களுக்கு உரிய நிதானம். "நான் சகாயராணி டீச்சர், இப்ப பென்சன். முத்துமோகினி புத்தகத்தை எழுதினவையோட கதைக்கவேணும்" என்றார். நான் வழக்கமாகச் சொல்லுகிற மறுமொழியைச் சொன்னேன்: எழுதியது முத்துமோகினி அம்மாதான், நாங்கள் அச்சடித்தது மட்டும்தான். "அவ என்ர அம்மா" என்றார் டீச்சர். "இந்தா, பக்கத்து அறையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறா."

எழுதியது நான்தான் என்று ஒத்துக்கொண்டேன். வீடு எங்கே என்று கேட்டேன். துறைமுகப் பக்கம்தான். லிங்கநகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம். ஒரே ஊர். ஒரே கோயிலில் பூசை காண்கிறோம். வியாழக்கிழமை பின்னேரம் வரச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. வழக்குத்தான் போடப்போகிறார்கள் என்று யோசேப்பு சொல்லிவிட்டார். நான் சிவநேசனுக்கு எடுத்து, முத்துமோகினி உயிரோடு இருக்கிறா என்றேன். அந்த மனிதர் இப்படிப் பதறி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உயிரோட எண்டா... எந்தளவுக்கு உயிரோட அக்கா?"

வியாழக்கிழமை

நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். பொலிசுக்குப் போவதென்றாலும் மரியாதையாகப் போகவேண்டும் என்று ஒரு நினைப்பு. டீச்சர் படலையைத் திறந்தார். எழுபதை நெருங்கியவர், நரைத்த கொண்டை, சிரிப்பில்லாத முகம். "அம்மா, புத்தகத்தை எழுதி எடுத்தவ வந்திருக்கிறா" என்று உள்ளே குரல் கொடுத்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஒரு சின்ன உருவம். நூறை எட்டிக்கொண்டிருக்கும் பெண்மணி. உண்மைப் பேர் பிலோமினா. படத்தில் நான் பார்த்த அதே வட்டக் கண், சுருங்கிய முகத்தில் அது மட்டும் வயது போகாமல் இருந்தது. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். அந்தக் கை கடதாசி போல இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பச்சை வள்ளத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சுருட்டை முடி. மழை. தலையில் போட்ட சட்டை. நான் எழுதிய வசனங்கள், நான் எழுதிய வரிசையில், அவருடைய வாயிலிருந்து வந்தன. நான் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டு யோசித்த ஆளை அவர் கண்ணால் கண்டது போலச் சொல்லுகிறார். குண்டு விழுகிற இடம் வந்ததும் அவருக்கு நடுக்கம் எடுத்தது. "மேல பார், மேல பார்" என்று கத்தினார். கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். டீச்சர் ஓடிவந்து கட்டிப்பிடித்துத் தூக்கினார். நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயும் அண்டைக்குக் கரையில நிண்டனீதானே பிள்ளை? இல்லாட்டி உனக்கு எப்பிடி எல்லாம் தெரியும்?"

படலையடியில்

போகும்போது டீச்சர் படலை வரைக்கும் வந்தார். இனி ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் கூடப் பயமாக இருந்தது. கோயிலில் தெரிந்த ஒருவர் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பின்னேரங்களில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். தொடக்கத்தில் அம்மா, "ஆரடி இந்த மரியதாஸ்?" என்று சிரித்தாராம். ஏற்கெனவே ஞாபகம் விட்டுப்போகத் தொடங்கியிருந்த நேரம். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். சில மாதங்களில் சிரிப்பு நின்றது. பிறகு ஒருநாள் மரியதாசுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க வேணும் என்று அழுதாராம்.

"குண்டு விழேக்க அம்மா இந்த ஊரிலயே இல்லை" என்றார் டீச்சர். "முதலே எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஈச்சிலம்பற்றுக்குப் போயிட்டினம். அவ ஒரு குண்டும் காணேல்லை. இப்ப சீனன்குடாவுக்கு ஒரு பிளேன் வந்தாலும் கட்டிலுக்குக் கீழ போறா. எலும்பு முறிஞ்சா இந்த வயசில பொருத்த ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்." படலைக் கொழுக்கியைப் பிடித்தார். "அது ஒண்டு. மற்றது, என்ர அப்பா. அந்தோனிப்பிள்ளை. துறைமுகத்தில கப்பல் இழுக்கிற படகில வேலை செய்தவர். அவரோட எத்தினை வருசம் வாழ்ந்தவ! சுவரில அவற்ர படம் தொங்குது. நேற்றுக் கேக்கிறா, இந்தாள் ஆர், ஏன் எங்கட வீட்டில நிக்கிறார் எண்டு." புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைத்துப் பார்த்தாராம். அம்மா சாப்பிட மறுத்துவிட்டாராம். என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். டீச்சர் படலைக் கொழுக்கியைப் பிடித்தபடியே சொன்னார்.

"அந்தக் குண்டை எடுத்துவிடுங்கோ தங்கச்சி. என்ர அப்பாவை உள்ள போடுங்கோ."

யார் எழுதினது?

வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நான் எதையும் எழுதியதில்லை. சாமிநாதனைக் குதிரையிலிருந்து தள்ளினால் அவருக்கு நோகாது. இங்கே ஒரு சொல் பிழைத்தால் ஒரு மனுசி கட்டிலுக்குக் கீழே போவா. டீச்சரிடம் அப்பாவைப் பற்றி எல்லாம் கேட்டேன். வேலை முடிந்து வரும்போது சீட்டி அடித்துக்கொண்டு வருவாராம். கயிறு அறுத்த தழும்பு ஒன்று பெருவிரலில் இருந்ததாம். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மகளுக்கு முன்னால் அவருக்கு நித்திரை வந்துவிடுமாம். அதையெல்லாம் சேர்த்து, குண்டு இல்லாமல், மரியதாஸ் இல்லாமல் ஒரு புது அத்தியாயம் எழுதினேன். குடும்பம் ஈச்சிலம்பற்றுக்குப் போகிறது. போர் முடியத் திரும்பி வருகிறது. அந்தோனிப்பிள்ளை பெண் கேட்டு வருகிறார்.

அடுத்த வியாழன் அதைக் கொண்டுபோய், கணினியில் அடித்த தாள்களிலிருந்து வாசித்தேன். அம்மா கவனமாகத்தான் கேட்டார். ஈச்சிலம்பற்று என்றதும் புருவத்தை நெரித்தார். பச்சை வள்ளம் வரும் வரும் என்று பார்த்திருந்தார் போல; வராமலே அத்தியாயம் முடிந்ததும் கைத்தடியைத் தேடினார். கண்ணில் வந்தது கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தலையணைக்குப் பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் அவரைக் கொள்ளையடிக்க வந்தது போலப் பின்னுக்கு நகர்ந்தார்.

"இது ஆர் எழுதினது? என்ர கதை எனக்குத் தெரியாதோ?"

இரண்டாம் பதிப்பு

தாளில் வாசித்தால் நம்பமாட்டார். அச்சில், அதே அட்டைக்குள் வந்தால் நம்புவார். இது விளங்கியதும் சிவநேசனுக்கு எடுத்தேன். வழக்கு வரும் என்று சொல்லி அவரை வெருட்டலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. படலையடியில் டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். தன்னுடைய அம்மாவும் இப்போது தன்னை 'வாங்கோ தம்பி, ஆரைத் தேடுறியள்?' என்றுதான் கூப்பிடுகிறா என்றார். அவரோடு பழகிய இவ்வளவு காலத்தில் அது எனக்குத் தெரியாது. திருத்திய இரண்டாம் பதிப்பு போடுவதாக ஒத்துக்கொண்டார்.

ஆனால் மரியதாசை வெட்டினால் அம்மா திரும்பவும் நம்பமாட்டார். வைத்திருந்தால் அந்தோனிப்பிள்ளைக்கு இடமில்லை. இரண்டு கிழமை எழுதிக் கிழித்தேன். ஒரு காலை, பிட்டு அவித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு வசனம் வந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு ஓடிப்போய் எழுதினேன்: 'மரியதாஸ் என்பது நான் ஆசைக்குக் கூப்பிட்ட பேர்; கோயிலில் அவருக்குக் கொடுத்த பேர் அந்தோனிப்பிள்ளை.' பிறகு எல்லாம் தானாக வந்தது. குண்டு விழுந்த அன்று அவருக்குக் காய்ச்சல், வள்ளம் எடுக்கவில்லை. போருக்குப் பிறகு வள்ளத்தை விற்றுவிட்டு இழுவைப் படகில் சேர்ந்தார். சீட்டி, தழும்பு, நித்திரை எல்லாம் அந்தச் சுருட்டை முடிக்காரனுக்கே போயின. டீச்சருக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவை வேறொருவனின் சட்டைக்குள் போட்டிருக்கிறேனே, ஏசுவாரோ என்று அவருடைய முகத்தைப் பார்க்கவே பயம். அவர் மூக்கைத் துடைத்தார்.

"அப்பாவுக்குச் சுருட்டை முடி இல்லை. பரவாயில்லை, அவர் ஆசைப்பட்டிருப்பார்."

பிட்டு

புது அத்தியாயம் முந்தினதைவிடச் சிறிது. பக்கம் குறையாமல் இருக்க எழுத்தைக் கொஞ்சம் பெருப்பித்தோம். அட்டை அதே அட்டை. டீச்சர் பழைய புத்தகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்தார். நான் வாசித்தேன். அந்த வசனத்துக்குக் கிட்ட வரவர மெதுவாக வாசித்தேன். டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'கோயிலில் அவருக்குக் கொடுத்த பேர்' என்ற இடத்தில் அம்மா கையை உயர்த்தி என்னை நிற்பாட்டினார். போச்சு என்று நினைத்தேன். அவர் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். வெளியே மீன் வியாபாரியின் ஹோர்ன் சத்தம் வந்து போனது. எனக்கு எழும்பி ஓட வேணும் போல இருந்தது. பிறகு அம்மா, நான் எழுதாத ஒன்றை, டீச்சர் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அந்தோனிப்பிள்ளை. பிட்டுக்குத் தேங்காய்ப்பூ காணாட்டி அந்தாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வச்சுப்போடும்."

டீச்சர் குசினிக்குள் ஓடிவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று விறாந்தையிலிருந்து எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து, சிவந்த கண்ணோடு, எனக்குத் தேத்தண்ணியை நீட்டினார்.

"உண்மை தங்கச்சி. எத்தினை கோப்பை!"

பிளேன்

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாட்களில் அம்மாவுக்கு அந்தோனிப்பிள்ளையும் இல்லை, மரியதாசும் இல்லை, டீச்சரும் இல்லை. வியாழக்கிழமைகளில் நான் தொடர்ந்து போகிறேன். போகும் வழியெல்லாம், இன்றைக்கு எந்தக் கதை அழிந்திருக்குமோ என்றுதான் யோசனை.

அப்படிப் போன ஒரு பின்னேரம், வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. சீனன்குடாப் பக்கம் தாழ்வாக வந்த விமானம். கூரைத்தகடு அதிர்ந்தது. மேசையில் இருந்த கோப்பை நடுங்கியது. டீச்சர் உள்ளேயிருந்து தலையணையோடு ஓடிவந்தார், அம்மா விழுந்தால் கீழே போடுவதற்கு. நான் புத்தகத்தைக் கீழே விட்டுவிட்டேன். சத்தம் வீட்டுக்கு நேர் மேலே வந்ததும் என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கடதாசி போன்ற ஒரு கை என் கையைத் தேடிப் பிடித்தது. கண்ணைத் திறந்தேன். அம்மா கதிரையிலேயே இருந்தார். உடம்பு இலேசாக நடுங்கியது, கண் கூரையைப் பார்த்தது, ஆனால் எழும்பவில்லை. விமானம் கடல்பக்கம் போய்ச் சத்தம் தேயும் வரைக்கும் என் கையை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்லுவது போல, என் பக்கம் குனிந்தார்.

"பயப்பிடாதை பிள்ளை. இண்டைக்கு அவர் வள்ளம் எடுக்கேல்லை."

இப்போதெல்லாம் யாராவது சுயசரிதை எழுதித் தரச் சொல்லி வந்தால், கதையைக் கேட்பதற்கு முதல் மரணச் சான்றிதழைக் கேட்கிறேன்; அதைக் கண்ணால் பார்த்த பிறகும், எழுதத் தொடங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.